கேஷுவால்ட்டியில் முதியவர்கள்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: மாமனாருக்கு 78 வயது; பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. திடீரென்று சோர்ந்துபோய் உளற ஆரம்பித்தார். அரசு மருத்துவமனையில் பச்சை நிறம் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு வந்த ஓர் இளைஞரை முதலில் கூப்பிட்டார்கள். வயதுக்கு மதிப்பில்லையா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: இங்கே வயதையோ வந்த நேரத்தையோ பார்த்து வரிசை போடுவதில்லை. நோயின் அவசரத்தைப் பொறுத்து வரிசைப்படுத்தும் தென்னாப்பிரிக்க ட்ரையாஜ் முறைப்படி சிவப்பு உடனே, ஆரஞ்சு 10 நிமிடத்துக்குள், மஞ்சள் 1 மணி நேரத்துக்குள், பச்சை 4 மணி நேரத்துக்குள். மூச்சு, நாடி, பிரஷர், காய்ச்சல், நடை, நினைவு, காயம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். 2 வரை பச்சை, 3–4 மஞ்சள், 5–6 ஆரஞ்சு, 7 அல்லது அதற்கு மேல் சிவப்பு.

இந்தக் கணக்கு முதியவர்களிடம்தான் சறுக்குகிறது. நாடி 51 முதல் 100 வரை இருந்தால் பூஜ்யம். அட்டெனலால் (நாடியைக் குறைக்கும் பிரஷர் மாத்திரை) சாப்பிடுகிறவருக்கு உடம்பெல்லாம் கிருமி பரவினாலும் நாடி அவ்வளவாக ஏறாது. மேல் பிரஷர் 101 முதல் 199 வரை பூஜ்யம். எப்போதும் 170 இருப்பவருக்கு 110 என்பது பெரிய சரிவு, ஆனால் தாளில் அதுவும் பூஜ்யம்தான். வயதானவர்களில் பலருக்குக் காய்ச்சலும் காட்டாது.

உளறலுக்கு 2, கைத்தாங்கலாக நடப்பதற்கு 1. இரண்டும் சேர்ந்தால் 3, அதாவது மதிப்பெண் கணக்கில் குறைந்தது மஞ்சள். "வயசாச்சு, அப்படித்தான் பேசுவார்" என்று வீட்டார் சொல்லிவிட்டால் அந்த 2 போய்விடும். ஆகவே சிஸ்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நேற்றுவரை தெளிவாகப் பேசினார், தானே குளித்தார். இன்றைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வழக்கமான பிரஷர் 170. மாத்திரைகள் இவை." கிளினிக் அட்டையையும் மாத்திரை டப்பாக்களையும் கையோடு கொண்டுபோங்கள். காத்திருக்கும்போது நிலைமை மோசமானால், தயங்காமல் போய் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். நெஞ்சுவலி, திடீரென்று வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் குறைவாக இருந்தாலும் ஆரஞ்சு உண்டு.

கேள்வி: விடியற்காலையில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. மீட்டரில் சர்க்கரை 2.8 mmol/L. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கிளிப்பென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கட்டாயம் போக வேண்டும். முதுமையில் சிறுநீரகம் தளர்வதால் மாத்திரை உடம்பிலேயே தங்கிவிடும்; தெளிந்த சில மணி நேரத்தில் சர்க்கரை மறுபடி இறங்கலாம். அடுத்த வேளை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: 3 தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். 4க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ரொட்டியோ சோறோ கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். 10177ஐ அழையுங்கள், செல்ஃபோனில் 112 என்றாலும் கிடைக்கும்.

கேள்வி: கேஷுவால்ட்டியில் வயதானவர்கள் கூட்டம் ஏன் இப்படிப் பெருகுகிறது?
– வாசகர், வெருளம்

பதில்: நான்கைந்து நோயோடு நீண்ட காலம் வாழ்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதில் தடுக்கக்கூடியதும் நிறைய. மாத்திரை தீர்ந்தபின் கிளினிக்குக்கு ஓடாமல், ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். குளிர்காலத்துக்கு முன் ஃப்ளூ ஊசி போட்டுவிடுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும், வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர் தலையில் இடித்துக்கொண்டால், வீக்கமே இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்டுங்கள். உள்ளே கசியும் ரத்தம் சில நாள் கழித்துத்தான் தெரியவரலாம்.