முதலில் கொம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

கேள்வி: ஓஹையோவில் சின்சினாட்டி பக்கம் இருக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், பள்ளியில் கென்டக்கிக் காட்டில் குடியேற்றத்துக்கு வழி திறந்த வேட்டைக்காரர் டேனியல் பூன் பற்றிப் படித்ததிலிருந்து, ஆகஸ்ட் மாதம் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் நடக்கும் கைவினைத் துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போயே ஆக வேண்டும் என்கிறான். எனக்குத் துப்பாக்கி என்றாலே வயிற்றைக் கலக்கும். தென்காசியிலிருந்து மாமனார் வந்திருக்கிறார், நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். எங்கள் மூன்று பேருக்கும் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? பிள்ளையைக் கூட்டிப் போகலாமா? ஏதாவது வாங்கினால் ஊருக்குக் கொடுத்தனுப்பலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். மூன்று பேரில் அதிகம் ரசிக்கப் போகிறவர் உங்கள் மாமனார்தான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் நடக்கும் துப்பாக்கிச் சந்தை வேறு, இது வேறு. 1996-இல் தொடங்கிய கன்டெம்பரரி லாங்ரைஃபிள் அசோசியேஷன் என்ற சங்கத்தின் ஆண்டுக் கூடுகை இது. இங்கே இருப்பவை தோட்டா போடும் துப்பாக்கிகள் அல்ல. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஈயக் குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கிச் சுடும் பழைய வகை. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வோமே, அதன் தாத்தா. அதையும் இன்றைக்கு உயிரோடு இருக்கும் கொல்லர்களும் தச்சர்களும் 18-ஆம் நூற்றாண்டு முறையில் கையால் செய்து கொண்டுவந்து மேஜை மேல் வைக்கிறார்கள். அரங்கத்துக்குள் யாரும் சுடுவதில்லை. துப்பாக்கிகளுக்கு நடுவிலேயே கத்தி, கோடரி, கொம்பு, தோல் பை, முள்ளம்பன்றி முள்ளில் செய்த அலங்காரம், கைவிரலாலேயே பின்னிய இடுப்புக் கச்சை, வெள்ளிச் சாமான், மண்பாண்டம் எல்லாம் இருக்கும். சத்தம் பேச்சுச் சத்தம்தான். பிள்ளையைத் தயங்காமல் கூட்டிப் போகலாம்.

போவதற்கு முன் ஒரு விஷயத்தை மகனுக்குச் சொல்லிவையுங்கள். எல்லோரும் ‘கென்டக்கி ரைஃபிள்’ என்று சொல்லும் துப்பாக்கி பெரும்பாலும் கென்டக்கியில் பிறந்ததல்ல. அதன் தாய்வீடு பென்சில்வேனியா, குறிப்பாக லங்காஸ்டர் சுற்றுவட்டாரம். ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்து குடியேறிய கொல்லர்கள், தங்கள் நாட்டில் காட்டு வேட்டைக்குச் செய்த குட்டையான தடித்த துப்பாக்கியை, இங்கே வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி மெலிய வைத்தார்கள். குழல் மட்டுமே மூன்றரை அடி, அதற்கு மேலும் போகும். லங்காஸ்டரில் பட்டறை வைத்திருந்த ஜேக்கப் டிக்கர்ட் 1740-இல் ஜெர்மனியில் பிறந்தவர். அதே பென்சில்வேனியாவில் நாசரேத் ஊர் அருகே கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் என்ற இடத்தில் மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபையார் ஒரு துப்பாக்கிப் பட்டறை நடத்தினார்கள். ஆண்டிரியாஸ் ஆல்பிரெக்ட் அங்கே ஆசானாக இருந்தார். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் லங்காஸ்டர் பாணி, பெத்லகேம் பாணி என்று மேஜைகளில் பேசுவது காதில் விழும்போது, அது பென்சில்வேனியா ஊர் பெயர், ஒரு குருகுலத்தின் கைப்பழக்கம் என்று புரிந்துகொள்ள உதவும். நம் கோயில் சிற்பத்தில் பல்லவர், சோழர் என்று பிரித்துப் பார்க்கிறோம் அல்லவா, அப்படித்தான்.

‘ரைஃபிள்’ என்ற பேருக்குக் காரணம் குழலுக்குள் திருகாக ஓடும் பள்ளங்கள். பெரும்பாலும் ஏழு பள்ளம். ஏறக்குறைய 48 அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று. அந்தச் சுழற்சிதான் குண்டை நேராகக் கொண்டுபோகிறது. படைவீரர்கள் வைத்திருந்த மஸ்கெட்டுக்கு உள்ளே பள்ளம் கிடையாது, வழவழப்பான குழல். நிமிஷத்துக்கு மூன்று முறை சுடலாம், குறி மட்டும் நம்பிக்கை இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்காகச் செய்யச் சொன்ன மஸ்கெட்டையே 1790-களில் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் படைக்கும் எடுத்துக்கொண்டது. இன்றும் அதற்கு ‘இந்தியா பேட்டர்ன்’ என்றே பெயர். பாளையக்காரர் போர்களில் கம்பெனிச் சிப்பாய்களின் தோளில் இருந்ததும் மஸ்கெட்தான். கண்காட்சியில் அந்தப் பெயர் காதில் பட்டால் மாமனாரிடம் சொல்லுங்கள். கட்டபொம்மன் கதை கேட்டு வளர்ந்தவருக்கு அது சும்மா ஒரு பெயராக இருக்காது.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். முதல் முறை போகிறவர்கள் செய்யும் தவறு, எல்லா மேஜையையும் பார்த்துவிட வேண்டும் என்று நடந்துகொண்டே இருப்பது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஒன்றுபோல் தெரிய ஆரம்பித்துவிடும். ஒரு சுற்று மட்டும் வேகமாகப் போய்வாருங்கள். மனசுக்குப் பிடித்த ஒரே ஒரு துப்பாக்கி முன்னால் திரும்ப வந்து நில்லுங்கள். செய்தவர் மேஜைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பார்.

அதில் பார்க்க வேண்டியது பொன் நிறப் பித்தளை அலங்காரம் இல்லை. இரும்பு மரத்தில் உட்காரும் விளிம்பைப் பாருங்கள். சுடும் பொறி உட்கார்ந்த இடம், குழல் படுத்திருக்கும் நீளப் பள்ளம், அடிப்பக்கம் பித்தளைத் தகடு பொருந்தும் வளைவு. நல்ல வேலையில் நகம் நுழையாது. சதைக்குள்ளிருந்து நகம் முளைத்த மாதிரி இருக்கும். இதை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? விளக்குப் புகைக் கரியை இரும்பில் மெல்லிசாகத் தடவி, மரப் பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். எங்கெல்லாம் கரி ஒட்டியதோ அங்கே மரம் இடிக்கிறது என்று பொருள். அந்தக் கறுப்புப் புள்ளியை மட்டும் உளியால் சீவுவார்கள். மறுபடி கரி, மறுபடி சீவல். ஒரு பொறியை உட்கார வைக்க இப்படி நூறு தடவை எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ஒரு முழுத் துப்பாக்கிக்குச் சில நூறு மணி நேரம் ஆவது இதனால்தான். உங்கள் மாமனாரிடம் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த விளிம்பைக் காட்டினால் போதும், கரியைப் பற்றி அவரே சொல்வார்.

மரம் பெரும்பாலும் மேப்பிள். அதிலும் புலிவரி மாதிரிக் குறுக்கே அலையலையாக ஓடும் நார் உள்ள மேப்பிளைத் தேடி எடுப்பார்கள். அந்தச் செம்பழுப்பு நிறம் வார்னிஷால் வந்ததல்ல. நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்து அதை மரத்தில் பூசுகிறார்கள். பூசியதும் மரம் பச்சையும் மஞ்சளுமாக, பார்க்கவே கெட்டுப்போனது போல நிற்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஓரங்குலம் தள்ளிப் பிடித்து மெல்ல நகர்த்தினால், இரும்பு போகும் வழியில் நிறம் சிவந்துகொண்டே வரும், வரிகள் எழுந்து நிற்கும். அதன்மேல் ஆளிவிதை எண்ணெய். நான் இதை ஒரு பட்டறையில் பார்த்தபோது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மேஜைக்காரரிடம் “இந்த நிறம் எப்படி வந்தது?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பேசுவார்கள்.

தொடுவதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலோர் சந்தோஷமாகக் கையில் கொடுப்பார்கள். அதற்குமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். பெல்ட் கொக்கி மரத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் மரப்பகுதியைப் பிடியுங்கள், மெருகேற்றிய இரும்பில் விரல் படக் கூடாது. வியர்வை உப்பு பட்ட இடம் சில நாளில் துரு ஏறும். குழல் வாய் எப்போதும் கூரையை நோக்கி இருக்கட்டும், காலி என்று தெரிந்திருந்தாலும் யார் பக்கமும் திருப்பக் கூடாது. மகனுக்கு இதை வீட்டிலேயே ஒரு கம்பை வைத்துப் பழக்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் குதிரை. சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு வளைந்து நிற்கும் இரும்பைச் சொல்கிறேன். விசையை இழுத்தால் அது பாய்ந்து எதிரே இருக்கும் எஃகுத் தகட்டில் கல்லை உரசும். தீப்பொறி கீழே உள்ள கிண்ணியில் விழும். கிண்ணி மருந்து பற்றி, பற்றுவாய் வழியாக நெருப்பு உள்ளே போகும். அந்த இயக்கத்தைப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நான் முதன்முதலாகப் போனபோது ஒரு துப்பாக்கியை வாங்கிக் குதிரையைப் பின்னுக்கு இழுத்துத் தட்டிவிட்டேன். செய்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துப்பாக்கியை வாங்கி, கல்லின் விளிம்பில் விழுந்திருந்த சில்லை விரலால் தடவிக் காட்டினார். அவர் வாரக்கணக்கில் அரம் போட்டுச் செய்த பொறி அது. பொறி இயங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் அவரையே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, இவற்றை ‘நகல்’ என்று சொல்லாதீர்கள். பழைய பாணியில் செய்த புதிய படைப்பு என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள், அதுதான் உண்மையும். 1960-களில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் என்ற கொல்லர், இரும்புப் பட்டையைக் காய்ச்சிச் சுருட்டிக் குழலாக்குவதிலிருந்து கடைசி ஆணி வரை 18-ஆம் நூற்றாண்டுக் கருவிகளாலேயே ஒரு ரைஃபிளைச் செய்து காட்டினார். அழிந்துபோயிருக்க வேண்டிய கைத்தொழில் அப்படிப்பட்ட சிலரால்தான் மிஞ்சியது.

உங்களுக்குத் துப்பாக்கியே பார்க்கப் பிடிக்கவில்லையா? கொம்பு செய்கிறவர்களின் மேஜைக்குப் போய்விடுங்கள். மருந்து வைக்கும் மாட்டுக் கொம்பு. துருப்பிடிக்காது, ஈரம் ஏறாது, உரசினால் பொறி பறக்காது, எடை இல்லை. கருமருந்துக்கு இதைவிட நல்ல பாத்திரம் அன்றைக்குக் கிடையாது. முரட்டுக் கொம்பை அரத்தாலும் கண்ணாடிச் சில்லாலும் சுரண்டிச் சுரண்டி மெலிய வைப்பார்கள். ஒன்றைக் கேட்டு வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடியுங்கள். தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவும். மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிவதற்கு அந்த மெலிவு. அதன்மேல் கத்தி முனையால் கீறிக் கரி தேய்த்த கோடுகள். 1750-களில் பிரிட்டிஷார் இங்கே பிரெஞ்சுக்காரர்களோடு நடத்திய போரின்போது படைவீரர்கள் ஹட்சன் ஆறு, மொஹாக் ஆறு, லேக் ஜார்ஜ், வழியில் இருந்த கோட்டைகள் எல்லாவற்றையும் வரைபடமாகத் தங்கள் கொம்பில் கீறி வைத்துக்கொண்டார்கள். கூடவே சொந்தப் பெயரும் வருஷமும். வேறு எந்த ஏட்டிலும் இடம் பெறாத சாதாரண ஆட்களின் பெயர்கள் அந்தக் கொம்புகளில் இருக்கின்றன. எனக்கு அந்த அரங்கம் முழுவதிலும் மனசுக்கு நெருக்கமானது இந்த மேஜைகள்தான்.

மகனோடு பேச வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. லெக்சிங்டனுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் டேனியல் பூன் அமைத்த பூன்ஸ்பரோ கோட்டையைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். கொல்லுப் பட்டறை, நெசவு, மெழுகுவர்த்தி வார்ப்பது எல்லாம் அங்கே நேரிலேயே செய்து காட்டுவார்கள். அதையும் சேர்த்தே திட்டமிடுங்கள். அங்கே நிற்கும்போது, 1775 மார்ச்சில் சைகமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து ஒரு தனியார் கம்பெனி இந்த நிலத்தை வாங்கியதாகச் சொல்லிக்கொண்டது, டிராகிங் கனூ என்ற செரோக்கித் தலைவர் அதை எதிர்த்தார், இதே காடுகளில் ஷானீ என்ற பூர்வகுடி மக்களும் வேட்டையாடி வந்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். டேனியல் பூன் கதை அந்தப் பாதி இல்லாமல் கதையே இல்லை. பூர்வகுடி மக்களும் இந்த நீளத் துப்பாக்கியை விரும்பி வாங்கினார்கள், மொரேவியன் பட்டறைக்குப் பழுது பார்க்கவும் கொண்டுவந்தார்கள். கண்காட்சியில் பார்க்கும் முள் அலங்காரமும் பல பைகளின் அமைப்பும் அவர்களிடமிருந்து வந்தவை.

சுடுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் இண்டியானாவில் ஃபிரெண்ட்ஷிப் என்ற சின்ன ஊர் உங்களுக்குப் பக்கம்தான். 1933-இல் தொடங்கிய தேசிய மஸில்லோடிங் ரைஃபிள் சங்கம் வருஷத்தில் இரண்டு முறை, ஜூனிலும் செப்டம்பரிலும், அங்கே போட்டி நடத்துகிறது. காதடைப்பான் மட்டும் மறக்க வேண்டாம்.

வாங்குவது பற்றி. துப்பாக்கி விலை சில ஆயிரம் டாலரில் ஆரம்பித்துப் பல பத்தாயிரம் வரை போகும். வாயில் மருந்திடும் பழைய வகையை 1968-ஆம் வருஷக் கூட்டாட்சிச் சட்டம் சாதாரணத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், விசாவில் இருப்பவர்கள் வக்கீலைக் கேட்காமல் வாங்கவே கூடாது. இந்தியாவுக்கு அனுப்பும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். அங்கே நாட்டுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். ஒன்பது அங்குல நீளத்துக்கோ இரண்டு அங்குல அகலத்துக்கோ மேற்பட்ட கத்தியும் ஆயுதச் சட்டத்துக்குள் வரும், அதனால் கோடரியும் வேண்டாம். கழுகு இறகு, தந்தம், ஆமை ஓடு சேர்ந்த பொருளை இங்கேயே கூட வாங்காதீர்கள்.

கொம்பு வாங்குவதென்றால் ஒரு தடவை கூட மருந்து போடாத புதுக் கொம்பா என்று கேட்டு வாங்குங்கள். மருந்துத் தூள் ஒட்டியிருந்தால் விமான நிலையச் சோதனையில் வெடிபொருள் என்று மணி அடிக்கும், பெரியவரை உட்கார வைத்துவிடுவார்கள். கையால் பின்னிய கச்சையோ, சின்ன மண் கிண்ணமோ வாங்கினால் எந்தத் தொல்லையும் இல்லை.

சின்சினாட்டியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். பொதுமக்களை எந்த நாளில், எந்த நேரத்தில் விடுகிறார்கள் என்பதைச் சங்கத்தின் அந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மேஜைக்காரர்கள் அப்போதுதான் நிதானமாகப் பேசுவார்கள். மாமனாருக்கு ஆங்கிலம் வராது என்று தயங்காதீர்கள். கிட்டத்துப் பார்வைக்குப் போடும் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உளி வேலை நடக்கும் மேஜை ஒன்றைக் கண்டுபிடித்து, ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, அவரை அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்களும் மகனும் சுற்றிவிட்டு வாருங்கள்.