ஆரி ஊசி முதல் பாட்டி புடவைப் போர்வை வரை: கேட்டவர்களுக்கு என் பதில்

இருபது வருஷமாக ப்ளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறேன், அதாவது துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நுனியில் கொக்கி உள்ள ஊசியால் போடும் பூவேலை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் கை சும்மா இருக்கும், அப்போது பழைய புடவைகளை அடுக்கிப் போர்வை தைப்பேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று வாய்விட்டதற்குக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, சங்கிலித் தையல் போடும்போது ஊசி துணியைக் கடித்துக்கொண்டு மேலே வரமாட்டேன் என்கிறது. மூன்று ஊசி மாற்றிவிட்டேன்.

நாலாவது வாங்காதீர்கள். சட்டத்தில் கட்டிய துணியை விரலால் சுண்டிப் பாருங்கள், தப்பு மேளம் அடித்த மாதிரிக் கேட்க வேண்டும். தொய்வாக இருந்தால் ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும்பும், கொக்கி மாட்டிக்கொள்ளும்.

துணி சரியாக இருந்தும் கடிக்கிறது என்றால் கொக்கி பார்க்கும் திசையில்தான் தப்பு. குத்தி இறக்கும்போது கொக்கி நீங்கள் தைத்துக்கொண்டு போகும் பக்கம் பார்க்கட்டும். கீழே இருக்கும் கை நூலைக் கொக்கியில் சுற்றிவிட்டதும் ஊசியை அரைச்சுற்று திருப்பி, அதன் வழவழப்பான முதுகு துளையின் ஓரத்தை லேசாக அழுத்துகிற மாதிரி இழுங்கள். அப்படி வந்தால் கொக்கி துணியைத் தொடவே தொடாது. கொக்கி எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க முடியாது இல்லையா, அதனால் கைப்பிடியில் அந்தப் பக்கம் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்துக்கொள்ளுங்கள். என் ஊசிகளில் இன்றைக்கும் இருக்கிறது.

கேள்வி: ஒரு இடத்தில் நூல் அறுந்தது, இழுத்தால் ஒரு கை முழுக்க உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஏன்?

அரிசி மூட்டை வாயைப் பிரித்திருக்கிறீர்களா? சரியான நுனியைப் பிடித்துவிட்டால் ஒரே இழுப்பில் கடகடவென்று மொத்தமும் வந்துவிடும். அதுவும் சங்கிலித் தையல்தான், நம்முடையதும் அதே. அதனால் முடிக்கிற இடத்தில் முடிச்சு போடாமல் நூலை வெட்டவே கூடாது. கடைசி வளையத்தை அதே இடத்தில் ஒரு சின்னத் தையலால் பூட்டி, நூலை அடிப்பக்கம் தள்ளி, அங்கே முடிச்சிடுங்கள்.

கேள்வி: தைத்த ப்ளவுஸில் வேலை செய்யலாமா? டெய்லரிடம் இரண்டு தடவை போக நேரம் இல்லை.

செய்யலாம், ஆனால் கழுத்து வளைவைச் சட்டத்தில் நேராகக் கட்டவே வராது. துணியில் டெய்லர் அளவு வரைந்து தரட்டும், வெட்ட வேண்டாம். வேலை முடிந்த பிறகு வெட்டித் தைக்கட்டும். பட்டாக இருந்தால் அடியில் காட்டன் லைனிங் சேர்த்தே சட்டத்தில் கட்டுங்கள், அப்போதுதான் மணியின் கனத்தைத் தாங்கும். இழை நேர் பார்த்துக் கட்டுவதும் முக்கியம். கிராஸாக இழுத்துக் கட்டினால் அவிழ்த்ததும் துணி பழைய இடத்துக்கு ஓடிப்போகும், பூவெல்லாம் சுருங்கி நிற்கும்.

தையல் விழும் கோட்டிலிருந்து அரை அங்குலமாவது தள்ளி மணி வையுங்கள். ஆரம்பத்தில் நான் அழகாக இருக்கட்டும் என்று கழுத்துக் கோடு வரை சுகர் பீட்ஸ் என்கிற பொடி மணிகளை நெருக்கிவிட்டேன், டெய்லர் மிஷினில் அடுத்தடுத்து இரண்டு ஊசி முறிந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: டிசைன் வரைய, அயர்ன் பண்ணினால் அழியும் பேனா நல்லதா?

உள்ளூரில் போடும் ப்ளவுஸுக்குச் சரி. அந்த மை சூட்டில் நிறம் மறைகிறதே தவிர துணியை விட்டுப் போவதில்லை, கடும் குளிரில் திரும்பி வரும். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு துண்டுத் துணியில் கோடு போட்டு, தேய்த்து அழித்து, ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள். கனடாவில் இருக்கிற தங்கைக்கு அனுப்பும் ப்ளவுஸில் அது வேண்டாமே. அடர்ந்த நிறத்தில் மை அழிந்தாலும் வெளிறிய கோடு தங்கும். நான் பழைய முறையை விடவில்லை: டிரேசிங் தாளில் ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் துணியால் தேய்ப்பேன். வெளிர் துணி என்றால் நீலப் பொடி.

கேள்வி: பாட்டியின் காட்டன் புடவைகள் ஏழு இருக்கின்றன. தூக்கிப்போட மனமில்லை. போர்வை தைக்க எத்தனை வேண்டும், எப்படித் தொடங்குவது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வங்காளத்தில் இதைக் காந்தா என்பார்கள். நைந்த புடவைகளை அடுக்கி, மேலே ஓட்டுத்தையல், அதாவது ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிக்கொண்டு போகும் தையல். தைக்கிற நூலையே பழைய புடவைக் கரையிலிருந்து உருவி எடுத்தவர்கள் அவர்கள். மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கணக்கு எளிது. ஐந்தரை மீட்டர் புடவையைப் பாதியாக மடித்தால் 2.75 மீட்டர் நீளம், அகலம் ஒரு 1.2 மீட்டர். அதுவே இரண்டு அடுக்கு. ஆக, ஒருவர் போர்த்த இரண்டு புடவையில் நாலு அடுக்கு. அதற்கு மேல் அடுக்கினால் கைக்குப் பாவம்.

முதலில் எல்லாவற்றையும் துவைத்துத் தேய்த்துவிடுங்கள். சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், சிவப்பும் கருநீலமும் காலை வாரும். பாலியெஸ்டரைக் கலக்காதீர்கள், காட்டன் சுருங்கும்போது அது சுருங்காது. சுங்குடி மாதிரி மெல்லிசு என்றால் ஊசி வெண்ணெயில் போவது போலப் போகும். கண்டாங்கி முரடு, அதை மேலே போட ஆசைப்பட்டால் மொத்தமே மூன்று அடுக்கோடு நிறுத்துங்கள்.

தரையில் விரித்து, நாலு மூலையிலும் படி, இட்லிக் குண்டான், எது கனமோ அதை வைத்து, நடுவிலிருந்து வெளியே தடவித் தடவிச் சுருக்கத்தைத் தள்ளுங்கள். அப்புறம் ஒரு சாண் இடைவெளியில் நீளத் தையலால் தற்காலிகமாகப் பிடித்துவையுங்கள், அதையும் நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த ஒரு நாள் வேலையைச் சோம்பல்பட்டு விட்டவர்கள் எல்லாரும் பிறகு அடிப்பக்கத்தில் கொசுவம் விழுந்துவிட்டது என்று என்னிடம் அழுதிருக்கிறார்கள். பிறகு விரல் அகல இடைவெளியில் ஓட்டுத்தையல். நூலை இறுக்கவும் வேண்டாம், தொங்கவிடவும் வேண்டாம். முடிந்து ஒரு தடவை துவைத்ததும் சின்ன அலை மாதிரிச் சுருக்கம் வரும். அது பழுதில்லை, காந்தாவின் அழகே அதுதான்.

பாட்டியின் புடவையில் கிழிசல் இருந்தால் உள் அடுக்கில் போடுங்கள். முந்தானை மட்டும் மேலே இருக்கட்டும்.

கேள்வி: பேட்ச்வொர்க், அப்ளிக் இரண்டும் ஒன்றா?

இல்லை. துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒரு துணி ஆக்குவது பேட்ச்வொர்க். ஒரு துணியின் மேல் இன்னொன்றை வெட்டி ஒட்டித் தைப்பது அப்ளிக். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேரில் உருளையாகத் தொங்குமே தொம்பை, அது அப்ளிக். அடுத்த தேருக்குப் போனால் வடம் பிடித்த கையோடு அதன் தையலையும் பாருங்கள்.

கேள்வி: தோடர் எம்ப்ராய்டரி டிசைனை டிரேஸ் பண்ணி ஆரியில் போடலாமா, அக்கா?

போடலாம் தம்பி, ஆனால் அது தோடர் வேலை ஆகாது. நீலகிரியில் தோடர் பெண்கள் வரைவதும் இல்லை, சட்டத்தில் கட்டுவதும் இல்லை. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாகத் தைப்பார்கள். தையல் பார்க்கப் புடைத்து நிற்கும், நெய்ததோ என்று சந்தேகம் வரும். 2013இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பிடித்திருந்தால் அவர்கள் கையால் தைத்த சால்வை ஒன்று வாங்குங்கள். இழை எண்ணும் தையலைப் பழக ஆசை என்றால் கண்ணுக்கு இழை தெரிகிற துணியில் நீங்களே ஒரு கோலத்தை எண்ணிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் இடது கைக்காரி. வகுப்பில் வலது கையால்தான் பழக வேண்டும் என்கிறார்கள்.

வேண்டாம். சொல்லித் தருபவர் பக்கத்தில் உட்காராமல், சட்டத்துக்கு எதிர்ப்பக்கம் அவர் முகம் பார்த்து உட்காருங்கள். கண்ணாடியில் தெரிவது போல அவர் வலது கை உங்கள் இடது கைக்கு நேராக வரும். ஊசியை அவர் எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அதற்கு எதிர்ச்சுற்று உங்களுடையது. நெயில் பாலிஷ் பொட்டை மறந்துவிடாதீர்கள்.