நடுக்கம் நடிப்பல்ல: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: என் கணவர் 12 ஆண்டுகளாக நாள்தோறும் குடிக்கிறார். இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து நிறுத்துவார். மறுநாளே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. சென்ற முறை, போர்வையில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லி இரவெல்லாம் உதறிக்கொண்டிருந்தார். மீண்டும் குடித்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. இது குடிப்பதற்காகப் போடும் நாடகமா? அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுக்கலாம் என்கிறார்களே, கொடுக்கலாமா?

பதில்: நாடகம் இல்லை, அம்மா. அன்றிரவே அவரை மருத்துவமனையில் சேர்த்திருக்க வேண்டும். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. தூண்டிவிடும் குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி அமுக்கப்பட்ட மூளை, அதை ஈடுகட்டத் தன் தூண்டுதலைத் தானே கூட்டிக்கொள்வதால், மது திடீரென்று நின்றதும் அந்தத் தூண்டுதல் மட்டும் தடையின்றி எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கமும் படபடப்பும் தொடங்கிவிடும். முதல் 2 நாள்களுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு 2 முதல் 4 நாள்களுக்குள், இடமும் நேரமும் புரியாத குழப்பமும் மாயத் தோற்றங்களும் காய்ச்சலும் சேர்ந்து வரும். டெலிரியம் ட்ரெமென்ஸ் எனப்படும் அந்த நிலை உயிரையே பறிக்கக்கூடியது.

ஆகவே, வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தும்படி அவரை வற்புறுத்தாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் மூளையை அமைதிப்படுத்தும் டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, பிறகு அம்மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்தால், இந்தச் சில நாள்களைப் பாதுகாப்பாகக் கடத்திவிடலாம். கூடவே வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கு இச்சத்து வெகுவாகக் குறைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டு, புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியாமல் போனவர்கள் உண்டு.

நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் டைசல்பிராம் மாத்திரையாக இருக்கும். மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளை மேற்கொண்டு சிதையவிடாமல் அது தடுத்துவிடும். அதை உட்கொண்டவர் மதுவைத் தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரைகூட இந்த விளைவு நீடிக்கக்கூடும். விவரம் தெரிந்து, சம்மதித்து உட்கொள்பவருக்கு அது காவல். தெரியாதவருக்கு விஷம் என்றே சொல்வேன். கலக்கவே கலக்காதீர்கள்.

சத்தியம் வாங்குவதையும் விட்டுவிடுங்கள். அது மீறப்படும் ஒவ்வொரு முறையும் குற்றவுணர்வு கூடுகிறது. அதை மறக்கவே மறுபடியும் குடிக்கத் தோன்றும். குடியோடு ஒட்டிவரும் மனச்சோர்வு பலருக்கு, நிறுத்திய 3, 4 வாரங்களில் தானாகவே குறைகிறது. குறையாவிட்டால் அதற்குத் தனியே சிகிச்சை தேவை. சாவைப் பற்றி அவர் பேசினால், போதையில் உளறுகிறார் என்று தள்ளிவிடாமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கல்லீரலையும் பரிசோதித்துவிடுங்கள்: கொழுப்பு படிந்த நிலை மட்டும் என்றால் மதுவை விட்டாலே பெரும்பாலும் சீராகிவிடும், சுருங்கத் தொடங்கிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

கேள்வி: சிகரெட்டை விட்டு ஓராண்டு ஆகிறது. இன்னமும் சில வேளைகளில் ஏன் கை பரபரக்கிறது?

பதில்: நிக்கோட்டின் கிடைக்காத உடலின் தவிப்பு முதல் சில நாள்களில் உச்சத்துக்குப் போய், ஏறக்குறைய 4 வாரங்களில் தணிந்துவிடும். இப்போது உங்களுக்கு வருவது நினைவின் வேலை. முன்பு புகைத்த இடமும் வேளையும் மனிதர்களும் அதைக் கிளப்பிவிடுகின்றன. பெரும்பாலும் சில நிமிடங்களில் அது அடங்கிவிடும். அதுவரை அந்த இடத்தை விட்டு எழுந்து நடங்கள். ஒன்றே ஒன்று என்று மட்டும் பற்றவைத்துவிடாதீர்கள்.