மூழ்கிய பொருளை வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சின்ன விஷயம்தான். ஆனால் கொஞ்ச நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

வீட்டு வேலைகளுக்காக ஒரு டிரில்லிங் மெஷின் தேவைப்பட்டது. புதிது வாங்க வசதி இல்லை. கெடு தாண்டியும் மீட்கப்படாத பொருள்களை ஓர் அடகுக் கடையில் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கே போய் வாங்கி வந்தேன். நல்ல மெஷின், புது விலையில் பாதிகூட இல்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்பக்கம் முழுக்கப் பென்சில் கணக்கு. ஒரு கதவின் கோட்டுப்படம், அதன் அகலம், உயரம், கீல் வரவேண்டிய இடம். பிட்டுகளை அளவுவாரியாக அடுக்கி, தேய்ந்துபோன ஒன்றை மட்டும் துணியில் சுற்றித் தனியே வைத்திருக்கிறார். தச்சு வேலையை நம்பிப் பிழைத்த ஒருவருடையது என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது.

நண்பரிடம் சொன்னேன். ‘அடுத்தவன் வயிற்றெரிச்சலை விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறாய்’ என்றார். மனைவியோ, ‘நாம் வாங்காவிட்டால் இன்னொருத்தர் வாங்கிக்கொண்டு போகப்போகிறார். அதனால் அந்த ஆளுக்குத் திரும்பக் கிடைத்துவிடுமா?’ என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது. அடகுக் கடையில் பழைய பொருள் வாங்குவது தவறா? இனி நான் என்ன செய்ய வேண்டும்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். ‘நாம் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார்’ என்பது திருட்டுப் பொருளுக்கும் பொருந்தும் வாதம். அதை வைத்து எதையும் நியாயப்படுத்திவிடலாம். ஆகவே அதை ஒதுக்கிவிடுவோம். நண்பர் சொன்னதிலும் எனக்குச் சம்மதமில்லை. பணமுடையில் விற்கப்பட்ட எதையும் வாங்கக் கூடாது என்றால் பழைய வீடு, பழைய வண்டி, பழைய புத்தகம் எதையுமே தொட முடியாது. விற்பவர் எல்லாரும் சந்தோஷமாகவா விற்கிறார்கள்?

அடகுக் கடன் எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். சம்பளச் சீட்டு, ஜாமீன் எதுவும் கேட்காமல் பொருளை மட்டும் பார்த்துக் கடன் தருகிறார்கள். விற்றால் என்ன வருமோ அதில் ஒரு பகுதிதான் கடனாகக் கிடைக்கும். கெடுவுக்குள் அசலும் வட்டியும் கட்டினால் பொருள் திரும்பி வரும். இல்லாவிட்டால் பொருள் மூழ்கிவிடும், அதாவது மீட்கும் உரிமை போய்விடும். பல இடங்களில் பொருளோடு கணக்கு தீர்ந்துவிடும், வசூலுக்கு யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். அவமானத்துக்கு அஞ்சும் மனிதருக்கு இது சின்ன நிம்மதி இல்லை. 1852-இல் லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ், தன் கோட்டுகள் அடகில் இருப்பதால் வெளியே போக முடியவில்லை என்று நண்பர் எங்கெல்ஸுக்கு எழுதினார். அடகுக் கடையின் படியேறுகிறவர்கள் எப்படிப்பட்டவர்களாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அடகுக்காரர் ஒரு மெஷினுக்கு எவ்வளவு கடன் தருவது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்? மூழ்கினால் என்ன விலைக்குப் போகும் என்பதை வைத்துத்தான். நல்ல மனம் கொண்டவர்கள் எல்லாரும் சேர்ந்து ‘அடகுக் கடைப் பொருளை வாங்க மாட்டோம்’ என்று ஒதுங்கினால் அந்த விலை இறங்கும். கடைக்காரர் கடனைக் குறைத்துக்கொள்வார். நாளைக்கு இன்னொரு தச்சர் அதே மெஷினோடு வந்தால் கையில் கிடைக்கும் பணம் இன்னும் குறையும். நம் புறக்கணிப்பின் அடி கடைக்காரர் மேல் விழுவதில்லை, அடகு வைக்க வருகிறவர் மேல்தான் விழுகிறது. ஆகவே வாங்குவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் எங்கேதான் சிக்கல்? கொடுத்த கடனுக்கும் விற்ற விலைக்கும் நடுவில் இருக்கும் தொகையில். வட்டி, செலவு எல்லாம் போக மிஞ்சுவது யாருக்குப் போகிறது? நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் உலகத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்றில், கெடு தாண்டியதும் பொருள் கடைக்காரருக்குச் சொந்தம். விற்று வருவது முழுக்க அவருடையது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படித்தான். மற்றதில், பொருளை விற்றுத் தனக்கு வரவேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடகு வைத்தவருக்குத் திருப்பித் தரவேண்டும். பாரிஸில் நகராட்சி நடத்தும் அடகு நிறுவனம் இன்றும் மீட்கப்படாத பொருளை ஏலம் விட்டு, மிஞ்சியதை உரியவருக்குக் கொடுக்கிறது.

பிரிட்டனில் இரண்டும் கலந்திருக்கிறது. அது கலந்திருக்கும் விதம்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ஷில்லிங்குக்கு மேற்பட்ட கடன் என்றால் பொருளைப் பொது ஏலத்தில் விற்க வேண்டும். பத்து ஷில்லிங்கும் அதற்குக் கீழும் என்றால் கெடு முடிந்ததும் பொருள் கடைக்காரருக்கே. இப்போது நடப்பில் உள்ள 1974-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே கோடுதான், தொகை மட்டும் 75 பவுண்டாகிவிட்டது. அதற்கு மேல் கடன் வாங்கியவருக்கு உபரி திரும்பும். பொருளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அவர் புகார் சொன்னால், நியாயமான சந்தை விலை கிடைக்கத் தகுந்த அக்கறை எடுத்தோம் என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் நகைப்பெட்டியோடு வருகிறவருக்குக் கிடைக்கும் இந்தக் காவல், ஒற்றைப் போர்வையோடு வருகிறவருக்கு இல்லை. சின்னத் தொகைக்கு ஏலம், நோட்டீஸ், கணக்கு என்று போனால் கட்டுப்படியாகாது என்பார்கள். அது நிஜமாகவே இருக்கலாம். ஆனாலும் யாருக்கு அந்த மிச்சம் ஒரு வாரச் சாப்பாடோ, அவரிடம்தான் அதைப் பிடுங்குகிறோம்.

இந்த வழக்கம் வேறுபட்டால் வாங்குகிறவரின் கடமையும் வேறுபடும். உபரி திரும்பும் இடத்தில் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு காசும் கடன் வாங்கியவரின் பக்கம் சேர்கிறது. அங்கே நல்ல விலைக்குக் கேட்பது அவருக்கு நேரடியான உதவி. அந்த ஏலத்தில் நாலு வியாபாரிகள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, ஒருவர் கேட்க மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் உண்மையான பாவம். கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் சட்டைப் பையில் கைவிடுவது அது. பிரிட்டன் போன்ற இடங்களில், விற்ற தொகை கடனுக்குக் காணாவிட்டால் பாக்கியும் அவர் தலையிலேயே நிற்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். இப்படி ஏலத்தில் கூட்டுச் சேர்வதை 1927-இல் பிரிட்டன் தனிச் சட்டம் போட்டுக் குற்றமாக்கியது.

பொருள் முழுக்கக் கடைக்காரருக்கே என்னும் இடத்தில் கதை வேறு. அங்கே நீங்கள் பேரம் பேசினாலும் பேசாவிட்டாலும் பழைய சொந்தக்காரருக்கு ஒன்றும் போகப்போவதில்லை. கூச்சப்படாமல் பேரம் பேசுங்கள். பரிதாபப்பட்டுக் கூடுதலாகக் கொடுக்கும் காசு பரிதாபத்துக்குரியவரிடம் போய்ச் சேராது.

உங்களை உறுத்துவது அது ஒரு தொழிலாளியின் கருவி என்பது. அந்த உறுத்தலுக்கு வயது அதிகம். விவிலியத்தின் உபாகமம் 24-ஆம் அதிகாரம், திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது ஒருவன் உயிரையே அடகு வாங்குவது போல என்கிறது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளுக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். ஏழையின் போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். எல்லாம் அங்கே இருக்கிறது. பாரிஸ் நகரைச் சில வாரங்கள் ஆண்ட புரட்சி அரசான பாரிஸ் கம்யூன் 1871 மே மாதம் போட்ட ஆணையும் இதே வழியில்தான் போகிறது: இருபது பிராங்குக்கு மிகாத கடனுக்கு அடகு வைத்த துணிமணி, தட்டுமுட்டுச் சாமான், படுக்கை, புத்தகம், தொழில் கருவி ஆகியவற்றைப் பணம் வாங்காமல் திருப்பிக் கொடு. பிரஷ்யப் படை நகரை முற்றுகையிட்ட காலத்துப் பசியில் வைத்த பொருள்கள். அந்த மாதம் முடியுமுன்னே கம்யூன் வீழ்ந்துவிட்டது. ஆணை முழுதாக நிறைவேற அவகாசம் இருக்கவில்லை.

கருவியை அடகு வாங்கலாமா என்பது கடன் கொடுப்பவருக்கும் சட்டம் இயற்றுபவருக்குமான கேள்வி. கருவி போனால் வேலை போகும், வேலை போனால் கடன் எப்படி அடையும்? இது தெரிந்தேதான் பலர் வாங்குகிறார்கள். ஆனால் அது உங்கள் கைக்கு வந்தபோது அந்த அநியாயம் நடந்து முடிந்துவிட்டது. அதைச் செய்தது நீங்கள் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நிலவரம் அதுதான்.

திருட்டுப் பொருள் விஷயத்தை மட்டும் லேசாக விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில், திறந்த சந்தையில் பகல் வெளிச்சத்தில் நல்லெண்ணத்தோடு வாங்கினால் திருட்டுப் பொருளும் வாங்கியவருக்கே சொந்தமாகிவிடும். அந்த விதியை 1994-இல் எடுத்துவிட்டார்கள். திருடனுக்கு இல்லாத உரிமையை அவனால் இன்னொருவருக்குத் தர முடியாது என்பதுதான் பொதுவான நியாயம். சொந்தக்காரர் வந்தால் பொருளைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கும். மெஷினில் வரிசை எண் இருக்கிறதா, சுரண்டி எடுத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ரசீதில் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். அடையாள அட்டை பார்த்துப் பதிவேட்டில் எழுதி அடகு வாங்கும் கடை, பெயர் தெரியாத ஆளிடம் தெருவில் வாங்குவதைவிட எவ்வளவோ மேல். எழுதித் தர மறுக்கும் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

போன், கேமரா, கணினி வாங்கியிருந்தால் இன்னொன்றும் சொல்லியிருப்பேன். உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்காமல் கடைக்கே கொண்டுபோய், உரியவருக்குப் படங்களைக் கொடுத்துவிட்டு அழித்துத் தரச் சொல்ல வேண்டும். பொருள்தான் மூழ்கியது, ஒருவரின் குடும்பப் படங்கள் அல்ல.

சரி, இனி நீங்கள் செய்யக்கூடியது. மறுபடி அந்தக் கடைக்குப் போங்கள். தச்சரின் பெயரோ விலாசமோ கேட்காதீர்கள். அவர் தன் கஷ்டத்தைக் கடைக்காரரிடம் மட்டும்தான் காட்டினார், நம்மிடம் காட்டவில்லை. அவர் வீட்டுக் கதவைத் தட்டி மெஷினை நீட்டினால் நமக்கு மனம் நிறையும், அவர் கூனிக்குறுகிப் போவார். அதற்குப் பதிலாக உங்கள் போன் எண்ணைக் கடையில் கொடுத்து, ‘அந்த மெஷின் என்னிடம்தான் இருக்கிறது. அவருக்கு வேண்டுமானால் நான் கொடுத்த விலைக்கே தருகிறேன், தவணையில் தந்தாலும் சரி’ என்று சொல்லுங்கள். பழைய வாடிக்கையாளருக்கு ஒரு போன் போட அவர்களால் முடியும். கூப்பிடுவதும் விடுவதும் தச்சரின் இஷ்டம். அவர் வேறு மெஷின் வாங்கியிருக்கலாம், தொழிலையே மாற்றியிருக்கலாம். அப்படியானால் இது உங்களுடையது, தயக்கமில்லாமல் பயன்படுத்துங்கள்.

கையோடு அந்தக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: கடன் போக மிஞ்சியது அவருக்குப் போனதா? சட்டப்படி போக வேண்டிய இடமாக இருந்து, போகவில்லை என்றால், அது எழுத்தில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம். கடைக்காரர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.