பிரிட்டனில் குளிர்காலப் புயல் எச்சரிக்கை வந்தால் எப்படித் தயாராவது? எல்லா ஊர்களுக்கும் ஒரே முன்னேற்பாடு போதுமா?

போதாது என்பதே என் பதில். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேள்வியில் குறிப்பிடவில்லை. "எச்சரிக்கை வந்திருக்கிறது, லண்டனில் இருக்கும் உறவினர்கள் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது, ஏனென்றால் 2021 நவம்பரில் இதே சொற்களை என்னிடமும் சொன்னார்கள், நானும் நம்பினேன். நீங்கள் இந்த நாட்டுக்கு வந்து முதல் குளிர்காலம் இது என்றும், வீட்டில் சிறு குழந்தை இருக்கக்கூடும் என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அப்போது ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு மேற்கே, டீ ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில் வாடகைக்குக் குடியிருந்தோம். மனைவி நகரத்து மருத்துவமனையில் செவிலியர். மகளுக்கு மூன்று வயது. நவம்பர் 26, வெள்ளிக்கிழமை, ஆர்வென் புயலுக்காக ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைக்கும் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கும், மிக உயர்ந்த நிலையான சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. எங்கள் ஊர் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்ததால், அதற்கு ஒரு படி கீழான ஆம்பர் எச்சரிக்கைக்குள் வந்தது. சிவப்பு நமக்கில்லை என்று ஆறுதல் அடைந்தேன். அதோடு நான் கடலூர்க்காரன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் கரையைக் கடந்த பிறகு, பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன். அதைவிட இது என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. மனைவி இரவுப் பணிக்குக் கிளம்பியபோது, "ஒரு பையில் மாற்றுத் துணி எடுத்துக்கொள்" என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மாலை ஆறு மணி அளவில் மின்சாரம் போனது. அது திரும்பி வந்தது அடுத்த வியாழக்கிழமை. இடையில் ஆறு இரவுகள்.

காற்றின் வேகத்தை மட்டும் வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. அன்று பதிவான உச்ச வேகம் நார்தம்பர்லாந்தின் பிரிஸ்லீ வுட் என்னும் இடத்தில் மணிக்கு 98 மைல். அதைவிட வேகமான காற்றை இந்த நாடு பலமுறை பார்த்திருக்கிறது. ஆனால் இங்கே புயல்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருபவை, மரங்களும் அந்தத் திசைக் காற்றைத் தாங்கும்படியே வேர்விட்டு வளர்ந்தவை. ஆர்வென் வடக்கிலிருந்து வந்தது. அதனால் காடு காடாக மரங்கள் சாய்ந்தன, சாய்ந்தவை கிராமப்புறங்களில் மரக்கம்பங்கள் மீது செல்லும் மின்கம்பிகளை அறுத்துக்கொண்டு விழுந்தன. பிரிட்டன் முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் வீடுகள் மின்சாரம் இழந்தன, ஒரு வாரத்துக்கும் மேல் இருட்டில் இருந்தவை மட்டும் நான்காயிரத்தை நெருங்கின. மூன்று பேர் உயிரிழந்தார்கள், அவர்களில் ஒருவர் எங்கள் அபர்டீன்ஷயரில் வண்டி ஓட்டிச் சென்றவர்.

கடலூரில் மின்சாரம் இல்லாமல் பல நாள் இருந்த எனக்கு, மின்சாரம் இல்லாமல் இருப்பது புதிதல்ல என்றுதான் தோன்றியது. ஆனால் அங்கே குளிர் ஆளைக் கொல்லாது. இங்கே வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எரிவாயுவில் ஓடினாலும் எண்ணெயில் ஓடினாலும், அதைத் தூண்டிவிடவும் சுடுநீரைக் குழாய்களில் தள்ளவும் மின்சாரம் தேவை. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் வீடு சில்லிட்டுப் போனது. கூடத்தில் வெப்பமானி 6 டிகிரி காட்டியது. கைப்பேசிக் கோபுரத்துக்கும் மின்சாரம் இல்லாததால் அலைவரிசை போய்விட்டது. சாலையை மரங்கள் மறித்துக் கிடந்ததால் மனைவி மருத்துவமனையிலேயே தங்கிவிட்டார், அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்கும் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று அவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலையில் ஒரு தவறு செய்யப் போனேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் இறைச்சி சுடுவதற்கு வைத்திருந்த கரியடுப்பை, குழந்தைக்குச் சூடு வேண்டுமே என்று வீட்டுக்குள் தூக்கி வந்தேன். பக்கத்து வீட்டு மூதாட்டி எங்களைப் பார்த்துவர வந்தவர், வாசலில் நின்றே அதைக் கண்டு, உடனே வெளியே கொண்டுபோகச் சொன்னார். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பொறியியல் படித்த எனக்கு அது தெரியாததல்ல, ஆனால் குழந்தையின் உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்தபோது படித்தது நினைவுக்கு வரவில்லை.

எண்பதைக் கடந்த அந்த அம்மையார் தனியாக வாழ்பவர். என் மகளை "க்வைன்" என்று கூப்பிடுவார், சிறுமி என்பதற்கு அந்த வட்டாரத்துச் சொல் அது. அன்று முதல் நாங்கள் இருவரும் அவர் வீட்டில்தான் இருந்தோம். அவருடைய வீட்டுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர்தான், மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. ஆகவே வெள்ளிக்கிழமை மதியமே குளியல் தொட்டியை நிரப்பி வைத்திருந்தார். விறகடுப்பு இருந்தது. இரண்டு வாரத்துக்கான விறகு, காற்று படாத சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும்விட, கூடத்தில் கம்பியோடு இணைந்த பழைய தொலைபேசி ஒன்று இருந்தது. செம்புக் கம்பி வழியே தொலைபேசி நிலையத்திலிருந்தே அதற்கு மின்னோட்டம் வருவதால், ஊரே இருளில் கிடந்தபோதும் அது வேலை செய்தது. அதில்தான் மனைவியின் குரலைக் கேட்டேன். 105 என்ற எண்ணை அழைத்து மின்தடையைப் பதிவு செய்ததும் அதில்தான்.

மின்வழங்கல் நிறுவனம் மீது எனக்கு வருத்தம் உண்டு. கம்பங்களில் ஏறி வேலை செய்தவர்கள் மீது இல்லை, அவர்கள் பனியில் இரவு பகலாக உழைத்ததைப் பார்த்தேன். என் வருத்தமெல்லாம் "இன்று இரவு பத்து மணிக்குள் வந்துவிடும்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னதைப் பற்றியது. ஒரு வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால், பாதை திறந்த அன்றே குழந்தையை நகரத்து நண்பர் வீட்டில் விட்டிருப்பேன். இதை நான் மட்டும் சொல்லவில்லை. எரிசக்தித் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் பின்னர் நடத்திய ஆய்விலும், மக்களுக்குத் தவறான நேரக் கணிப்புகள் தரப்பட்டது குறையாகச் சுட்டப்பட்டது.

லண்டன் உறவினர்களை நான் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொன்னது உண்மை. பெருநகரங்களில் மின்கம்பிகள் பெரும்பாலும் நிலத்தடியில் செல்வதால் தடை நீடிப்பது அரிது. அங்கே கவலை ரயில்களும், சில சென்டிமீட்டர் பனிக்கே திணறும் சாலைகளும்தான். ஆனால் அவர்களுக்கும் 2022 பிப்ரவரி 18 நினைவிருக்கும். யூனிஸ் புயலன்று லண்டனுக்கே சிவப்பு எச்சரிக்கை வந்தது, வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் வேகம் பதிவாகி இங்கிலாந்தின் உச்சமானது.

நீங்கள் வேல்ஸின் மேற்கிலோ தெற்கிலோ இருந்தால் அட்லாண்டிக் காற்று நேராக வந்து மோதும் இடம் அது. 2024 டிசம்பரில் டாராக் புயலுக்கு முந்தைய மாலை அரசின் அவசர எச்சரிக்கை வந்து ஏறத்தாழ முப்பது லட்சம் பேரின் கைப்பேசிகள் ஒரே சமயத்தில் அலறின. அடுத்த மாதமே எயோவின் புயலுக்காக வட அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியிலும் ஏறத்தாழ நாற்பத்தைந்து லட்சம் பேருக்கு அதே எச்சரிக்கை போனது. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் இருந்தால் வீட்டைவிடச் சாலையைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். காக்பிரிட்ஜிலிருந்து டோமின்டூல் செல்லும் சாலையில் பனி மிகுந்தால் தடுப்புக் கதவுகளையே மூடிவிடுவார்கள், மூடிய பின் சுற்றிப் போக நெடுந்தூரம். அங்கே வண்டியில் மண்வெட்டி, போர்வை, உணவு இல்லாமல் கிளம்பக் கூடாது.

எச்சரிக்கையின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சள் என்றால் சிறிய புயல் என்று பலர் எண்ணுகிறார்கள். வானிலை அலுவலகம் நிறத்தைத் தீர்மானிப்பது பாதிப்பு எவ்வளவு இருக்கும், அது நிகழ வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்து. பெரிய பாதிப்புக்குச் சிறிய வாய்ப்பு இருந்தாலும் மஞ்சள்தான் வரும். எனவே நிறத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல், அதன் கீழே உங்கள் பகுதிக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைப் படியுங்கள்.

அந்த அம்மையாரின் தொலைபேசியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடிக்க இயலவில்லை. 2027 ஜனவரிக்குள் பழைய தொலைபேசி வலையமைப்பு நிறுத்தப்படுகிறது. புதிய இணைப்பு இணையத்தின் வழியே வருவது, வீட்டில் மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். கைப்பேசி இல்லாதவர்களுக்கும் அலைவரிசை எட்டாத வீடுகளுக்கும் மின்தடையில் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்புக்கு வழி செய்து தர வேண்டும் என்பது விதி. ஆறு இரவுகளைப் பார்த்த எனக்கு ஒரு மணி நேரம் என்பது எதற்குப் போதும் என்று விளங்கவில்லை. நகரத்துக்கு இது நல்ல முன்னேற்றம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மையாரை அழைத்துப் பேசிய தொலைபேசி நிறுவனத்தின் பணியாளர், மின்தடையைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே இணைப்பை மாற்றத் தேதி குறிக்க முயன்றதை அருகில் இருந்து கேட்டேன். இன்னும் அது எனக்கு ஆறவில்லை.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் செலவும் இல்லை. உங்கள் பகுதி மின்வழங்கல் நிறுவனத்தின் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் பெயரைச் சேருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, ஓய்வூதிய வயதினர், நோயாளிகள் உள்ள வீடுகள் இதற்குத் தகுதி உடையவை. நீண்ட மின்தடையில் அவர்களே உங்களைத் தொடர்புகொண்டு என்ன உதவி வேண்டும் என்று கேட்பார்கள். எங்களுக்குத் தகுதி இருந்தது, ஆனால் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் 105-ஐ மறுபடி அழைத்தபோது, "வீட்டில் சிறு குழந்தை உண்டா?" என்று மறுமுனையில் இருந்த பெண் கேட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.