"வீட்டுக்குப் போகணும்" என்று அம்மா கதவருகே நிற்கிறார்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. மறதி நோய். சாயங்காலமானால் மஞ்சள் பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்று கதவருகே நிற்கிறார். ராத்திரியும் தூக்கமில்லை. நான் தூங்கியும் மாதக்கணக்காகிறது. ஏஜென்சியில் ஆள் வைக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாக வையுங்கள். நீங்கள் தூங்கினால்தான் அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியும்.

இந்த நோயில் சாயங்காலத் தவிப்பு சகஜம். "இதுதானேம்மா நம்ம வீடு" என்று விளக்கப் போனால் சண்டைதான் மிஞ்சும். "சரிம்மா, காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொள்ளுங்கள். தெருமுனை வரை நடத்திக் கூட்டிவாருங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். காலையில் கொஞ்சம் வெயில் படட்டும், பகல் தூக்கம் குறையட்டும். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வந்து முழித்திருக்கட்டும். பணம் மட்டும் அனுப்பினால் போதாது.

இனி ஏஜென்சி. 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்பப்படுகிறவர்களில் பலர் நர்சிங் படித்தவர்கள் இல்லை. பாவம், அந்தப் பெண்களுக்கும் யாரும் எதுவும் சொல்லித்தருவதில்லை. கமிஷன் வாங்குவதோடு ஏஜென்ட் வேலை முடிந்தது. ராத்திரி தொந்தரவு வேண்டாமென்று, சளிக்கும் அரிப்புக்கும் தரும் மாத்திரையைத் தூங்க வைக்கக் கொடுப்பவர்கள் உண்டு. அது குழப்பத்தைக் கூட்டும், தள்ளாடி விழவைக்கும். எலும்பு முறிந்தால் கதை வேறு. மருந்துப் பெட்டியின் சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். மூன்று மாத அட்வான்ஸ் கேட்கும் இடத்துப் பக்கமே போகாதீர்கள். வருபவரின் ஆதார் நகலை வாங்கிவையுங்கள். முதல் வாரம் நீங்களும் கூடவே இருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. நேற்றுவரை ஓரளவு இருந்தவர் ஓரிரு நாளில் ஆளே மாறி, இல்லாததைப் பார்ப்பதும் பிதற்றுவதும், அல்லது எழுப்ப எழுப்பச் சோர்ந்து கிடப்பதுமாக இருந்தால், நோய் முற்றிவிட்டதென்று நினைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "வயசானா அப்படித்தான்" என்று அங்கே சொன்னாலும் கிளம்பாதீர்கள். சிறுநீர், ரத்தப் பரிசோதனை எழுதித்தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் குணமாகக்கூடியது இது.

அரசாங்கத்தில் புதுப் புதுக் கட்டடமாகத் திறக்கிறார்கள். ஆனால், அம்மாவை இரண்டு நாள் நம்பி விட்டுவிட்டு ஒரு மகள் தூங்கியெழ, பெரும்பாலான ஊர்களில் இடமில்லை. எத்தனை வருடமாகக் கேட்கிறோம்! இப்போதைக்கு இருப்பது போன்தான்: டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். அழுகை வந்தாலும், அம்மா மேல் கோபம் வந்தாலும் தயங்காமல் கூப்பிடுங்கள்.