தோற்பது உறுதி என்று தெரிந்தும் ஆளுநரை எதிர்த்து ஏன் நிற்கிறார்கள்?

கேள்வி: அமெரிக்காவில் பதவியில் இருக்கும் ஆளுநரை எதிர்த்து, ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்தும் சொந்தக் கட்சிக்காரரே பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில்) நிற்கிறார்களே, இதனால் என்ன பிரயோஜனம்?

பெரும்பாலும் தோற்றுத்தான் போவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பிரயோஜனம் உண்டா இல்லையா என்பது வாக்கு எண்ணும் அன்று தெரியாது. எதிராளி களத்தில் இறங்கிய நாளிலிருந்து வாக்குப்பதிவு வரைக்கும் அந்த ஆளுநர் என்னென்ன செய்கிறார் என்று கவனித்தால்தான் தெரியும். 2014லும் சரி, 2018லும் சரி, நான் நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் குடியிருந்தேன். இரண்டு முறையும் அந்த மாநில ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை எதிர்த்து அவருடைய ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே ஒருவர் நின்றார். எனக்கு அங்கே ஓட்டு கிடையாது, அதனால் வேடிக்கை பார்க்க நிறைய நேரம் இருந்தது.

அமெரிக்க ஆளுநர் நம்மூர் முதல்வர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர். கட்சி வேட்பாளர் யார் என்பதைத் தலைமை மட்டும் உட்கார்ந்து முடிவு செய்துவிட முடியாது, பிரைமரியில் வாக்காளர்கள் முடிவு செய்கிறார்கள். நியூயார்க்கில் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்தக் கட்சியில் பெயர் பதிந்தவர்கள் மட்டும்தான் ஓட்டுப் போட முடியும், கட்சி மாற்றிப் பதிய வேண்டுமானால் அப்போதெல்லாம் முந்தைய ஆண்டு அக்டோபருக்குள்ளேயே செய்திருக்க வேண்டும். இரண்டாவது முறை குவோமோவை எதிர்த்து நின்ற சிந்தியா நிக்சன் போட்டியை அறிவித்தது 2018 மார்ச்சில். என்னோடு வேலை பார்த்த ஒருவர், எந்தக் கட்சியையும் சேராதவர் என்று பதிந்து வைத்திருந்தவர், உற்சாகமாகப் படிவத்தை நிரப்பப் போய், கெடு முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டு வந்தார். அன்று மதியம் முழுக்க அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. புதிதாக ஆர்வம் வருகிற ஆட்களை வாசலிலேயே நிறுத்திவிடும் ஏற்பாடு இது, பதவியில் இருப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? (2019இல்தான் இந்தக் கெடுவைத் தேர்தல் நடக்கும் ஆண்டின் பிப்ரவரிக்குத் தள்ளினார்கள்.)

சரி, 2014க்கு வருவோம். செஃபிர் டீச்சவுட் என்ற சட்டப் பேராசிரியர் நின்றார். ஊழல் எதிர்ப்புச் சட்டம்தான் அவருடைய துறை. குவோமோ தானே அமைத்த ஊழல் விசாரணைக் குழுவை, ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் தானே கலைத்துவிட்டிருந்த நேரம் அது, ஆகவே ஆள் பொருத்தமாக அமைந்துவிட்டார். பணம் கிடையாது, பெயரும் யாருக்கும் தெரியாது. அவர் மாநிலத்தில் ஐந்து வருடம் வசித்தவரே இல்லை என்று குவோமோ தரப்பு வழக்குப் போட்டு, தோற்று, மேல்முறையீட்டிலும் தோற்றது. யாருக்கும் தெரியாத ஆளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? விவாதத்துக்கு அழைத்தார், குவோமோ வரவே இல்லை.

வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்னால் தொழிலாளர் தின ஊர்வலத்தில் எடுத்த ஒரு வீடியோ இருக்கிறது. டீச்சவுட் கைகொடுக்கலாம் என்று குவோமோவை நோக்கி வருகிறார், இரண்டு மூன்று அடி தூரம்தான் இருக்கும். குவோமோவின் உதவியாளர் குறுக்கே நின்றுகொண்டு நகர மறுக்கிறார், இவர் இடதுபக்கம் வந்தால் அவரும் இடதுபக்கம், வலதுபக்கம் வந்தால் அவரும் வலதுபக்கம். குவோமோ அந்தப் பக்கம் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். பிறகு பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, நான் அவரைப் பார்க்கவே இல்லை என்றார்! எதிராளி பொருட்டே இல்லை என்றால் ஒரு வினாடி கைகொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே.

முடிவு: குவோமோ சுமார் 63 சதவீதம், டீச்சவுட் 33 சதவீதத்துக்குச் சற்று மேல். மாநிலத்தில் 62 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி), அவற்றில் ஏறக்குறைய பாதியில் டீச்சவுட்தான் முதலிடம், பெரும்பாலும் வடக்கே இருக்கும் பகுதிகள், தலைநகர் ஆல்பனி உட்பட. அங்கே பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் ஃபிராக்கிங் பெரிய பிரச்சினை, அதைத் தடை செய்ய வேண்டும் என்று அவர் ஊர் ஊராகப் பேசியிருந்தார். செப்டம்பரில் தேர்தல், அதே வருடம் டிசம்பரில் குவோமோ அரசு ஃபிராக்கிங்கைத் தடை செய்தது. சுகாதாரத் துறையின் ஆய்வுதான் காரணம் என்றார்கள். இருக்கட்டும். வருடக்கணக்கில் ஆய்வில் இருப்பதாகச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2018இல் நின்ற நிக்சன் பிரபலமான தொலைக்காட்சி நடிகை. இந்த முறை குவோமோ தயாராக இருந்தார், அதாவது பயந்துபோய் இருந்தார். நிக்சன் அறிவித்த இரண்டு மாதத்துக்குள் நடந்தவை: பரோலில் இருப்பவர்களுக்கு ஓட்டுரிமை தரும் ஆணை, பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை கோரும் மசோதா. அதற்கு முந்தைய வருடம்தான் கஞ்சாவைப் பெரிய போதைகளுக்கு வாசல் என்று சொல்லியிருந்தார். 2018 ஜூலையில் அவருடைய சுகாதாரத் துறையே அதைச் சட்டப்பூர்வமாக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. நிக்சன் தரப்பு இதைத் தன் வெற்றியாகச் சொல்லிக்கொண்டது, அதில் தப்பும் இல்லை.

இந்த முறை ஒரே ஒரு நேரடி விவாதம் நடந்தது. குவோமோவுக்குக் குளிரான அறைதான் பிடிக்கும் என்பது ஊரறிந்த விஷயம் என்பதால் நிக்சன் தரப்பு அரங்கின் வெப்பநிலையை 76 ஃபாரன்ஹீட்டில் வைக்கச் சொல்லிக் கேட்டது, ஊடகங்கள் அதை வைத்தே ஒரு முழு நாளை ஓட்டின. மேடையில் குவோமோ "குறுக்கே பேசுவதை நிறுத்துகிறீர்களா?" என்றார். "நீங்கள் பொய் சொல்வதை நிறுத்துகிறீர்களா?" என்றார் நிக்சன். "நீங்கள் நிறுத்தியதும் நிறுத்துகிறேன்" என்றார் குவோமோ. அப்புறம் நிக்சன் ஒரு கடையில் திராட்சையும் லவங்கப்பட்டையும் போட்ட இனிப்பு பேகல் ரொட்டிக்குள் உப்பிட்ட சால்மன் மீனை வைத்துச் சாப்பிட்டுவிட்டார். நம்மூரில் கேசரி மேல் கருவாடு வைத்த மாதிரி. சுரங்க ரயில் நாறிப்போய்க் கிடப்பதை அவர் மாதக்கணக்கில் பேசியிருந்தார், கடைசி வாரத்தில் ஊரே பேசியது என்னவோ பேகலைப் பற்றித்தான்.

குவோமோ 65 சதவீதத்துக்கு மேல் வாங்கினார், நிக்சன் 34 சொச்சம். 2014இல் ஆறு லட்சத்துக்கும் குறைவாகப் பதிவான வாக்குகள் இந்த முறை 15 லட்சத்தைத் தாண்டின, ஆனால் பங்கு கிட்டத்தட்ட அதேதான். எவ்வளவு புகழ் இருந்தாலும் குவோமோ பிடிக்காதவர்கள் கட்சியில் மூன்றில் ஒரு பங்குதான் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். என்னைக் கேட்டால் காசும் முகமும் இல்லாமல் டீச்சவுட் எடுத்த 33 தான் பெரிய விஷயம்.

உண்மையான சேதம் நடந்தது கீழ்மட்டத்தில். மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டில் எட்டு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் தனி அணியாகக் குடியரசுக் கட்சியோடு கைகோத்திருந்தார்கள், குவோமோ அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். நிக்சன் இறங்கியதும், ஏப்ரலில் அவசர அவசரமாக அவர்களைத் தாய்க் கட்சியோடு சேர்த்துவைத்தார். ஆனால் மக்கள் மறக்கவில்லை. நிக்சன் தோற்ற அதே நாளில் அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் மண்ணைக் கவ்வினார்கள். நவம்பரில் செனட் ஜனநாயகக் கட்சி கைக்கு வந்து, அடுத்த ஜனவரியிலேயே முன்கூட்டியே வாக்களிக்கும் வசதிக்குச் சட்டம் வந்தது. ஆளுநர் தேர்தல் என்ற பெரிய பெயர் மேலே இல்லாவிட்டால் அந்தச் சின்னத் தொகுதிகளுக்கு இவ்வளவு பேர் ஓட்டுப் போட வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

நிஜமாகவே ஜெயித்தவர்களும் உண்டு. 2014இல் ஹவாயில் டேவிட் இகே என்ற மாநில செனட்டர், ஒபாமாவே ஆதரித்த ஆளுநர் நீல் அபர்கிராம்பியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தார், பணத்தில் இவர் அவர் பக்கத்தில்கூட நிற்க முடியாது. 2006இல் அலாஸ்காவில் ஆளுநர் ஃபிராங்க் முர்கோவ்ஸ்கி, ஒரு சின்ன ஊரின் முன்னாள் மேயரான சாரா பேலினிடம் தோற்று மூன்றாம் இடத்துக்குப் போனார். அபர்கிராம்பி ஆசிரியர்களோடும் ஓய்வூதியக்காரர்களோடும் மோதியிருந்தார். முர்கோவ்ஸ்கி தான் காலி செய்த அமெரிக்க நாடாளுமன்ற செனட் இடத்தில் சொந்த மகளையே நியமித்தார், அரசுக்கு ஜெட் விமானமும் வாங்கினார். தவறாமல் வந்து ஓட்டுப் போடும் கட்சிக்காரர்களே வெறுத்துப்போன இடத்தில்தான் இது நடக்கும். குவோமோவை அந்தக் கூட்டம், குறிப்பாக நியூயார்க் நகரத்தின் கறுப்பின வாக்காளர்கள், கடைசிவரை கைவிடவில்லை.

2021இல் அவர் பதவி விலகியதை இவர்களின் கணக்கில் சேர்க்காதீர்கள். பாலியல் அத்துமீறல் புகார்கள் மீது அட்டர்னி ஜெனரல் லெட்டீஷியா ஜேம்ஸ் வெளியிட்ட அறிக்கையால் நடந்தது அது. அந்த ஜேம்ஸ் 2018இல் அட்டர்னி ஜெனரல் பதவிக்கான பிரைமரியில் குவோமோவின் ஆதரவோடு ஜெயித்தவர், தோற்றவர்களில் ஒருவர் அதே டீச்சவுட். 2025இல் நகர மேயர் பிரைமரியில் மம்தானியிடம் குவோமோ தோற்ற கதை வேறு, அப்போது அவர் பதவியில் இல்லை. அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள், எழுதுகிறேன்.